அரைப் பேர்

எங்கள் வீட்டில் 'பேர்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது. மற்றது இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அம்மாயி கொண்டுவந்தது. அங்கே ஒரு நாள் வேலைக்கு வந்ததைச் செக்கில் பதிந்தால் அது ஒரு பேர். கொழுந்து நிறுவையில் சொன்ன கணக்குக்குக் குறைந்தால் அரைப் பேர். "இன்னைக்கு அரைப் பேர்தான் போட்டான்" என்றால் அன்று பாதிச் சம்பளம் என்று அர்த்தம். காலை இருட்டில் பிரட்டுக்களத்தில் நின்று, பகல் முழுக்க மலைச்சரிவில் அட்டைக்கடியோடு நிரை பிடித்துப் பறித்து, மாலையில் தராசின் முன் வரிசையில் நின்ற ஒருத்தி பாதி ஆளாக வீடு திரும்புவாள்.

2009இல் பந்தலூர்ப் பக்கத்து லயத்தில் அம்மாயியை உட்காரவைத்து அவள் பேச்சைப் பதிவுசெய்தேன். அப்போது அவளுக்கு எழுபத்து மூன்று வயது. 1972இல் கப்பலேறி வந்தவள். பேச்சுக்கு நடுவே சேலைத் தலைப்பை விலக்கி உச்சந்தலையைக் குனிந்து காட்டினாள். கூடைக் கயிறு அழுந்திய இடத்தில் முடி இல்லை. விரலை வைத்துப் பார்த்தேன், எலும்பில் ஒரு பள்ளம். பதினோரு வயதிலிருந்து முப்பத்தாறு வயதுவரை அந்தக் கயிறு அதே இடத்தில் இருந்திருக்கிறது.

மலையகத் தமிழர்களைப் பற்றிப் பேசும் எந்த மேடையிலும் 'நாட்டின் முதுகெலும்பு' என்ற சொல் வராமல் இருக்காது. எனக்கு அந்தச் சொல்லோடு ஒரு சண்டை உண்டு. முதுகெலும்பாக இருந்தது யாருடைய முதுகு என்று சொல்லாமலே நன்றி சொல்லிவிட அது வசதி செய்கிறது. அதைவிட, எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு முதுகின் மீது எழுபது வருடங்களாக ஏற்றி வைத்திருந்த ஒரு பழி உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

தொடக்கத்தில் போனவர்கள் பெரும்பாலும் ஆண்கள். 1823ஐத் தொடக்கமாக வைத்து 2023இல் மலையகம் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்தது. கம்பளைக்கு அருகே முதல் காப்பித் தோட்டம் போடப்பட்ட காலம் அது. காப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் சில மாதங்களுக்குத்தான் ஏராளமான ஆட்கள் வேண்டும். திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் பக்கங்களிலிருந்து கங்காணியின் பின்னால் கூட்டமாகப் போய், பருவம் முடிந்ததும் திரும்பி, ஊரில் நாற்று நடப்போனார்கள். பாக் நீரிணையைத் தோணியில் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டுவழியே மாத்தளைவரை நடை. காலராவும் காய்ச்சலும் வழியெல்லாம் பிணம் போட்டன. போனவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். 1843இல் அடிமைமுறையைச் சட்டம் அங்கீகரிக்காது என்று கும்பினி அரசு சொன்ன பிறகும் பண்ணையாளாகவே கிடந்தவர்கள். அவர்களைக் கூட்டிப்போன பெரிய கங்காணி பெரும்பாலும் சாதியில் ஒரு படி மேலே இருந்தவர். ஊரின் சேரியும் தெருவும் கப்பலேறி, மலையில் மேல் லயம் கீழ் லயம் என்று மறுபடி கட்டப்பட்டன.

பிறகு காப்பியை ஒரு பூஞ்சை தின்றது. 1869இல் இலையில் துரு நிறப் புள்ளிகள் தெரிந்தன. பதினைந்து இருபது வருடத்தில் காப்பி முடிந்துபோனது. அதற்குச் சற்று முன், 1867இல், லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். பள்ளிப் பாடப்புத்தகம் இங்கே டெய்லரின் படத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடும். நாம் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான். தேயிலைக்குப் பருவம் கிடையாது. வாரம், பத்து நாளுக்கு ஒருமுறை அதே செடிக்குத் திரும்ப வேண்டும், வருடம் முழுக்க. இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளிப் போட ஆள் மலையிலேயே குடியிருக்க வேண்டும். கொழுந்து கிள்ளுவதற்குப் பெண் விரல்தான் வாகு என்று துரைமார் சொன்னார்கள். பெண்ணுக்குக் கூலி குறைவு என்பதை அவ்வளவு சத்தமாகச் சொல்லவில்லை. பெண் வந்தால் குடும்பம் வரும், குடும்பம் வந்தால் பிள்ளை வரும், பிள்ளை வளர்ந்தால் அடுத்த கூடைக்கு ஆள் தயார். ஆக, வந்து போய்க்கொண்டிருந்த ஆண் கூட்டத்தை ஒரு மக்கள் சமூகமாக ஆக்கியது தேயிலை என்றால், அந்தத் தேயிலையைப் பறித்தவர்கள் பெண்கள். 1876 முதல் 1878வரை சென்னை மாகாணத்தைப் பிடித்து உலுக்கிய தாது வருடப் பஞ்சம் அவர்களை ஊரிலிருந்து தள்ளியது. தேயிலை மலை அவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டது.

எங்கள் வம்சத்தில் முதலில் கடல் கடந்தவள் துறையூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவள். அவள் இடுப்பில் ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தைதான் என் அம்மாயியின் அம்மாயி. குழந்தையின் பேர் எங்களுக்குத் தெரியும். சுமந்துகொண்டு நடந்தவளின் பேர் தெரியாது. அம்மாயியிடம் கேட்டபோது, "அவ பேரு என்னமோ. வழியில ஒரு ஆத்துல தண்ணி மோந்தப்ப ஒரு பொணம் மெதந்து வந்துச்சாம். ஒதுக்கிவிட்டுட்டுத் தண்ணி மோந்தாளாம்" என்றாள். ஒருத்தியைப் பற்றி நான்கு தலைமுறை தாண்டி மிஞ்சியது இந்த ஒரு காட்சி.

வந்தவர்களைக் கட்டிவைத்தது கடன். பயணச் செலவு, கம்பளி, சட்டி பானை எல்லாம் கங்காணி கொடுத்த முன்பணம். அது சம்பளத்தில் கழியும், ஆனால் தீராது. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் 'இவருக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விடுவேன்' என்று துரை எழுதிக்கொடுக்கும் துண்டுச் சீட்டு வேண்டும். 1921இல்தான் அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள். தன் ஆட்கள் எத்தனை பேர் வேலைக்கு வந்தார்களோ அத்தனை தலைக்குக் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. அதனால் காய்ச்சலில் கிடந்த பெண்ணையும் பிள்ளை பெற்ற பெண்ணையும் மலைக்கு விரட்டுவதில் அவருக்கு நேரடி ஆதாயம் இருந்தது.

சம்பளத்துக்கு வருவோம். 1927இல் வந்த சட்டத்தின்படி 1929இல் தோட்டங்களுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தார்கள். மலை உச்சித் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. குறைந்தபட்சம் என்ற நியாயத்துக்குள்ளேயே 11 சத அநியாயத்தை அரசு தன் கையால் எழுதி வைத்தது. கவ்வாத்து வெட்டும் ஆணும் கான் வெட்டும் ஆணும் கொடுத்த வேலையை முடித்துவிட்டுப் பகலோடு லயம் திரும்பிவிடலாம். கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு அந்த முடிவு கிடையாது. மாலை நிறுவைவரை மலையில்தான். அதற்கு முன் விடிகாலையில் எழுந்து ரொட்டி தட்டியிருப்பாள், தண்ணீர் தூக்கியிருப்பாள், கைப்பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டிருப்பாள். பின்னேரம் வந்து விறகு, அடுப்பு, சோறு. கூடை எடை என்று கொஞ்சம், இலையில் ஈரம் என்று கொஞ்சம், நிறுக்கும்போது கழிப்பார்கள். "மழ பேஞ்சா எலை நனையும், எங்க ஒடம்பும் நனையும். எலைக்கு மட்டும்தான் கழிப்பான்" என்றாள் அம்மாயி.

இதையெல்லாம் தாண்டி மாத முடிவில் சம்பளம் கொடுக்கும்போது பெண்ணின் கையில் அது வராது. புருஷனோ தகப்பனோ போய் இரண்டு பேர் சம்பளத்தையும் வாங்கிவருவது பல தோட்டங்களில் சாதாரண நடைமுறை. மலையகப் பெண் உழைப்பை ஆராய்ந்த ரேச்சல் குரியன் 1980களின் தொடக்கத்திலேயே இதை எழுதியிருக்கிறார். குமாரி ஜயவர்தனவும் அவரும் சேர்ந்து பின்னர் எழுதிய நூல், தோட்டத்தில் துரையின் அதிகாரமும் லயக் காம்பராவுக்குள் கணவனின் அதிகாரமும் ஒன்றையொன்று எப்படித் தாங்கிப் பிடித்தன என்பதை விரிவாகக் காட்டுகிறது. என் தாத்தா நல்ல மனுஷன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அம்மாயியும் சொல்வாள். சொல்லிவிட்டு, தன் சம்பளக் காசை முதன்முதலாகத் தானே எண்ணியது இந்தியா வந்த பிறகுதான் என்பாள். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமச் சம்பளம் இலங்கைத் தோட்டங்களில் வந்தது 1984இல், வேலைநிறுத்தத்துக்குப் பிறகு. அதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பே அவள் கப்பலேறிவிட்டாள்.

பெண்கள் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். 1920களில் தஞ்சைப் பக்கத்திலிருந்து போன கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டினார். அவருக்கு வரலாற்றில் இடம் உண்டு. அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் தானே பாட்டுக் கட்டிப் பாடி, அதைச் சிறு வெளியீடாக அச்சிட்டும் கொடுத்தார். படிக்கத் தெரியாத பெண்களிடம் சங்கத்தைக் கொண்டுபோனது அந்தப் பாட்டுதான் என்பது என் கணிப்பு. கூட்டத்தில் பேசினால் துரை ஆள் எழுதிக்கொள்வான், பாடினால் நிரையில் நின்று திரும்பப் பாடலாம். பிற்பாடு கோகிலம் சுப்பையா 'தூரத்துப் பச்சை' எழுதினார். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஆனால் இலங்கைத் தேயிலை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'. மருதியின் கதையைப் படித்து நானும் அழுதிருக்கிறேன். பிறகு ஒரு மனக்குறையும் வந்தது. அந்தக் கதையில் மலைக்குப் போன பெண் கெடுக்கப்பட்டவளாக, நோயாளியாக நம்மிடம் வருகிறாள். அது நடந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மட்டக்கம்பை வைத்துச் செடியின் தலையை ஒரே மட்டமாகக் காக்கத் தெரிந்த வேலைக்காரியாக அவளை யார் பார்த்தது? இரக்கமும் ஒரு வகையில் அரைப் பேர்தான்.

இனி அந்தப் பழி.

1946 கணக்கெடுப்பில் இலங்கையில் இந்திய வம்சாவளித் தமிழர் ஏறத்தாழ 7,80,000 பேர். 1931இலிருந்து அவர்களில் பலருக்கு வாக்கு இருந்தது, பெண்களுக்கும். 1948இல் சுதந்திரம் கிடைத்த சில மாதங்களில் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வாசிகளுக்கென்று தனிச் சட்டம் ஒன்று வந்தது. இத்தனை வருடம் தொடர்ந்து வசித்ததை நிரூபித்தால் பிரஜையாகலாம். விண்ணப்பிக்க இரண்டு வருடம் அவகாசம்.

அம்மாயியின் அப்பாவும் விண்ணப்பித்தார். மனு தள்ளுபடியானது. ஏன் என்று கேட்டால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "கெழவி ஊருக்குப் போயிட்டு வந்ததால." கிழவி என்றால் அம்மாயியின் அம்மா. 1937இல் துறையூருக்குப் போனாள். பதினான்கு மாதம் கழித்துத் திரும்பினாள். என் அம்மாயி அப்போது கைக்குழந்தை. அந்தப் பதினான்கு மாதத்தால் நாடு போனது, அதனால்தான் 1972இல் பிடுங்கி நடப்பட்டோம், அதனால்தான் அண்ணன் தம்பி அங்கே அக்கா தங்கை இங்கே என்று ஆனோம். பெரியம்மாவின் கல்யாணம் தட்டிப்போனதற்குக்கூடக் கிழவியின் ஊர்ப் பயணத்தைக் காரணம் சொன்னவர்கள் உண்டு. சின்ன வயதில் நான் நினைத்தேன், கிழவி புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு ஓடியிருப்பாள் என்று. அவளை எனக்குப் பிடிக்காது.

பதிவின்போது அம்மாயியிடம் நேராகக் கேட்டேன். "எதுக்குப் போனாங்க?"

"எதுக்குப் போவா? அப்பாவோட ஆத்தாளுக்குப் பக்கவாதம். பாக்க ஆளில்ல. அப்பாதான் அனுப்புச்சு. ஒரு வருசம் பீ மூத்தரம் அள்ளிப்போட்டு, கருமாதி முடிச்சுட்டு வந்தா."

மாமியாரைப் பார்க்கப் போனவள். அனுப்பியவர் கணவர். இது அம்மாயிக்குத் தெரிந்தே இருந்தது. இருந்தும் பழியும் அவளோடேயே இருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று மோதாமல் எப்படி எழுபது வருடம் ஒரே வீட்டில் குடியிருந்தன என்பது எனக்கு இன்னமும் விளங்கவில்லை.

சட்டத்தின் வாசகத்தை நான் படித்தது அம்மாயி இறந்த பிறகு. முதலில் இருந்த வாசகப்படி, மணமான ஆண் தன்னளவில் 1946 ஜனவரி முதல் தேதிக்கு முன்பு ஏழு வருடம் தொடர்ந்து இலங்கையில் வசித்ததையும், அதற்குப் பின் விண்ணப்ப நாள்வரை வசித்ததையும் காட்ட வேண்டும். அதாவது 1939லிருந்து. ஒருமுறை போய்ப் பன்னிரண்டு மாதத்துக்குள் திரும்பியிருந்தால் அதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அதே சட்டம் மனைவிக்கு வேறு அளவு வைத்திருந்தது. கல்யாணமாகி ஓராண்டு நிறைவதற்குள் தொடங்கி, விண்ணப்பிக்கும் நாள்வரை மனைவி இடைவிடாமல் இலங்கையில் இருந்திருக்க வேண்டும். விண்ணப்பம் கணவனுடையது, ஆனால் மனைவியின் காலடி ஒவ்வொன்றும் எண்ணப்படும்.

எங்கள் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1937இல் கொள்ளுத் தாத்தாவே தன் தாயைப் பார்க்கப் போயிருந்தால், அவர் காட்ட வேண்டிய ஏழு வருடம் தொடங்குவதற்கு முன்பே அந்தப் பயணம் முடிந்திருக்கும். அவர் போகவில்லை, பெண்டாட்டியை அனுப்பினார். அவளுக்கு வைத்த கணக்கு கல்யாணத்திலிருந்து தொடங்கியதால் அவளுடைய பதினான்கு மாதம் வலையில் விழுந்தது. பேறுகாலம், சாவு, நோயாளி என்று ஊருக்கும் மலைக்கும் அலைய வேண்டியது பெண்ணின் கடமை என்று குடும்பம் வைத்திருந்தது. அந்த அலைச்சலையே அவள் இந்த நாட்டில் வேர் பிடிக்காததற்குச் சாட்சியமாகச் சட்டம் எடுத்துக்கொண்டது. சட்டம் எழுதியவர்களுக்குத் தோட்டத்துப் பெண்களின் வாழ்க்கை தெரியாமல் இப்படி எழுதினார்களா, தெரிந்தே எழுதினார்களா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. தெரிந்தே என்றுதான் நினைக்கிறேன்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்தப் 'பிறகு' 1974இல் வந்தது, பாதிப் பாதியாக. கொழுந்தை நிறுப்பது போல மனிதரை நிறுத்தார்கள், யாரையும் கேட்கவில்லை. மலையிலிருந்து தலைமன்னாருக்கு இவர்களை ஏற்றிவந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பேர் வந்தது. ஒவ்வொரு நிலையத்திலும் ஓடும் ரயிலின் சன்னலைப் பிடித்துக்கொண்டு பெண்கள் ஒப்பாரி வைத்தார்களாம். அம்மாயி தன் தங்கையின் கையை அப்படித்தான் விட்டாள். பிறகு பார்க்கவேயில்லை. இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, குடும்ப அட்டையை நீட்டி நின்றார்கள். அட்டையில் தலைவர் தாத்தா. அம்மாயி இரண்டாவது வரியில், 'மனைவி'. அவள் பேரில் ஓர் எழுத்தைக் காணோம். கடைசிவரை ரேஷன் கார்டிலும் வாக்காளர் பட்டியலிலும் அந்த எழுத்து இல்லாமலேதான் இருந்தாள்.

தாயகம் திரும்பியோர் என்று அரசு சொன்னது. பிறந்ததிலிருந்து மலையைத் தவிர வேறெதையும் பார்க்காதவளுக்கு எது தாயகம்? இவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத் தமிழ்நாடு அரசு 1968இலிருந்து நீலகிரியில் காட்டைத் திருத்தித் தேயிலை போட்டது. பின்னாளில் அது அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமானது. மறுபடி லயம், மறுபடி கூடை. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி மலைகளில் இப்போது பச்சையாகத் தெரிவதில் ஒரு பகுதி இப்படி வந்த பெண்கள் நட்டது. கடைத்தெருவில் அவர்களுக்குப் பேர் 'சிலோன்காரிங்க'.

சொற்களின் பயணம் மனிதரின் பயணத்தைவிட விசித்திரமானது. இலங்கையில் எங்களைக் கள்ளத்தோணி என்றார்கள், தோட்டக்காட்டான் என்றார்கள். யாழ்ப்பாணத்தில் இந்தியாவிலிருந்து வந்தவனுக்கு இன்னொரு பேரும் இருந்தது: வடக்கத்தியான். அங்கிருந்து பார்த்தால் தமிழ்நாடு வடக்கு. இப்போது நீலகிரித் தோட்டங்களில் கொழுந்தெடுக்க ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் பெண்கள் குடும்பத்தோடு வருகிறார்கள். எங்கள் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்டதால் காலியான லயக் காம்பராக்களில் குடியேறுகிறார்கள். போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது மாமா அவர்களைப் பார்த்து, "இந்த வடக்கனுங்க வந்து..." என்று ஆரம்பித்தார். மாமா பிறந்தது இலங்கையில். யாழ்ப்பாணச் சந்தையில் தன் அப்பாவை வடக்கத்தியான் என்று கூப்பிட்டதை அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா குறுக்கே வந்தாள். மாமாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் சாக்குப் பையோடு போய்க்கொண்டிருந்த ஜார்க்கண்ட் பெண்ணைக் கைகாட்டி நிறுத்தினாள். "பைக்கு எத்தன கிலோ கழிக்கிறான்னு கேளு அவள" என்று என்னிடம் சொன்னாள். எனக்கிருந்த அரைகுறை இந்தியில் கேட்டேன். அவள் இரண்டு விரலைக் காட்டினாள். "எனக்கும் அதேதான் கழிச்சான்" என்றாள் அம்மா. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். மாமா டீயைக் குடித்தார்.

2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை முன்னோர் நடந்த வழியே மலையக மக்கள் திரும்ப நடந்தார்கள், ஜூலை 28 தொடங்கி ஆகஸ்ட் 12வரை. நான் போகவில்லை. படங்களில் வயதான பெண்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்தேன். நன்றி என்ற சொல் எனக்கு அப்போதுதான் கொஞ்சம் பிடிபட்டது. மேடையில் சொன்னால் அது காற்றோடு போய்விடும், காலால் செய்தால் கொப்புளமாவது மிஞ்சும். என்னால் செய்ய முடிந்தது சின்னது. சட்ட வாசகத்தைத் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன்.

எங்கள் வீட்டில் வருடத்துக்கு ஒருமுறை செத்தவர்களுக்குப் படையல் உண்டு. அவரவருக்குப் பிடித்ததை வைப்போம். தாத்தாவுக்குச் சுருட்டு, அம்மாயிக்கு ரொட்டியும் கட்டச் சம்பலும் வெறுந்தேத்தண்ணியும். கிழவிக்குத் தனியாக எதுவும் வைத்து நான் பார்த்ததில்லை. படையலுக்கு முதல் நாள் இரவு பெரியம்மாவிடம் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினேன். ஏழு வருடம், பன்னிரண்டு மாதம், கல்யாணத்திலிருந்து. விரல் விட்டு எண்ணச் சொன்னேன். எண்ணினாள். மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

"அப்ப அப்புச்சி போயிருந்தா தப்பிச்சிருப்பமா?"

"அந்த விதியில தப்பிச்சிருப்போம். வேற எதுலயாவது மாட்டிவிட்டிருப்பாங்க."

பெரியம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு எழுந்து மறுநாளுக்கான சாமான்களைக் கூடையிலிருந்து வெளியே எடுத்து வைத்தாள். "கெழவிக்கு என்ன புடிக்கும்?" என்று கேட்டாள். அம்மாவைப் பார்த்தேன். அம்மா மாமாவைப் பார்த்தாள். யாருக்கும் தெரியவில்லை.

"வெத்தல வை" என்றாள் பெரியம்மா. "எல்லாக் கெழவிக்கும் வெத்தல புடிக்கும்."